பொக்லைன் வருவதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்

பழைய நகரம் ஒன்றின் நடுவே, புதுக்கட்டடம் எழவிருந்த மனையிலிருந்து ஒருநாள் தொல்லியல் ஆய்வாளரான எனக்கு அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பைல் (கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அடித்தளத்துக்கான துளைகளில் பாதிக்கு மேல் போட்டு முடித்திருந்தார்கள். வெளியே வந்த கருஞ்சேறு ஓரமாகக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு, ஓரம் முழுக்கத் தையல் துளைகளோடு, ஈரத்தில் பளபளத்தது. ஈரத்துணி கொண்டுவந்து சுற்றுவதற்குள் வெயில் பட்ட பக்கம் சுருளத் தொடங்கிவிட்டது. ரேடியோகார்பன் சோதனை அதன் வயதைச் சொல்லக்கூடும். அது எந்த வீட்டில், எந்தத் தரையில் கிடந்தது என்பதை இனி எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.

மக்கள் விடாமல் வாழ்ந்துவந்த நகரத்தில் தரைக்கு மேல் தரையாக மண் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அகழாய்வுக் குழியின் சுவரைக் கொத்துக்கரண்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். காய்ந்திருந்தபோது ஒரே பழுப்பாகத் தெரிந்த மண்ணில் விரற்கடை அளவுக்குச் சாம்பல் பட்டை தெரியும். அதன் கீழே சுண்ணாம்புத் தரை. இரண்டையும் அறுத்துக்கொண்டு இறங்கும் குப்பைக் குழி. குழி தரையை அறுத்திருந்தால் தரை முந்தியது, குழி பிந்தியது. நகர அகழாய்வில் இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகளும் வெட்டுகளும் வரும். அவற்றின் முன்பின் உறவை ஒரே வரைபடத்தில் கட்டும் முறையைத் தொல்லியலாளர் எட்வர்டு ஹாரிஸ் 1973இல் உருவாக்கினார். அதற்கு அவருக்கு அடிப்படையாக அமைந்தவையும் இங்கிலாந்தின் வின்செஸ்டர் என்ற பழைய நகரத்தின் அகழாய்வுக் குறிப்புகள்தான். துளைபோடும் இயந்திரம் கலக்கிவிட்ட சேற்றில் இந்த உறவு எதுவும் மிஞ்சுவதில்லை.

தோண்டாமல் விட்டால் பத்திரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் முழு உண்மையல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் வைக்கிங் என்ற வடஐரோப்பியக் கடலோடிகள் காலத்து மரச்சுவர்களும் தோல் காலணிகளும் துணிகளும் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுகள் அவை மக்காமல் இருந்ததற்குக் காரணம், ஆக்சிஜன் புகாத ஈர மண். பக்கத்து மனையில் ஆழமான நிலத்தடித் தளம் கட்டி நீரை இறைத்தாலே போதும், யாரும் கைவைக்காத மரம் மண்ணுக்குள்ளேயே மக்கத் தொடங்கும். "இருக்குமிடத்திலேயே பாதுகாப்பு" என்று கோப்பில் எழுதுகிறவர்கள் நிலத்தடி நீர்மட்டத்தை ஆண்டுக்கணக்கில் அளக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அதே யார்க்கில் 1990களில் ஒரு கொள்கை வந்தது: புதிய அடித்தளம் மனையின் தொல்லியல் மண்ணில் 5 சதவீதத்துக்கு மேல் அழிக்கக் கூடாது. அதற்குமுன் எந்த அளவும் இல்லாதிருந்ததை நினைத்தால் இதைப் பெரிய முன்னேற்றமாகவே மதிக்கிறேன். ஆனால் பைல்களுக்கு நடுவே தீவுகளாக மிஞ்சும் மண்ணை நாளைய ஆய்வாளர் எப்படித் தொடர்ச்சியாகப் படிப்பார்? விழுக்காட்டை மட்டும் பார்த்து அனுமதி கொடுப்பது போதாது. பைல் எங்கே இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இஸ்தான்புல்லின் யெனிகாபி ரயில் நிலையப் பணியில் 2004இல் தொடங்கிய அகழாய்வில் பழைய துறைமுகமும் 37 கப்பல்களும் வெளிப்பட்டன. ரயில் திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. தாமதம் என்றால் எல்லாரும் எங்களைத்தான் கை காட்டுவார்கள். வரைபடம் முடிந்து, ஒப்பந்தம் போட்டு, இயந்திரம் வந்த பிறகு எங்களை அழைத்தால் தாமதம் வராமல் என்ன செய்யும்?

பெரிய கட்டடங்களுக்கு முதலில் மண் பரிசோதனைத் துளை போடுகிறார்கள். அறிக்கையில் "நிரப்பு மண், 4 மீட்டர்" என்று ஒரே வரி இருக்கும். எங்களுக்கு வேண்டிய நகரம் முழுக்க அந்த 4 மீட்டருக்குள் இருக்கிறது. பல மனைகளின் துளை விவரங்களைச் சேர்த்தால், எங்கே பழைய மண் தடிமனாக இருக்கிறது, எங்கே ஏற்கெனவே அழிந்துவிட்டது என்று நகரம் முழுமைக்கும் வரைபடம் போடலாம். பைல்களையும் அதற்கேற்ப நகர்த்தலாம். பொறியாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த மண் மாதிரிகளைத் தூக்கி எறிவதற்கு முன் எங்களுக்கு அரை நாள் கொடுங்கள்.