வேகவைத்த பூண்டு மீனுக்கு ஏன் உதவாது?

"தீவன மாவோடு பூண்டையும் சேர்த்து வேகவைத்துத்தான் கொடுக்கிறேன். மீன் உடம்பில் சிவந்த புண் வருவது குறையவே இல்லையே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோளாறு அடுப்பில்தான்.

பூண்டில் கிருமியை முடக்கும் பொருள் அல்லிசின். முழுப் பூண்டுப் பல்லில் அது கிடையாது. அல்லின் என்ற வாசனையற்ற பொருள் ஓரிடத்தில் இருக்கும். அதை அல்லிசினாக மாற்றும் அல்லினேஸ் நொதி செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் தனியே அடைபட்டிருக்கும். நசுக்கியதும் சுவர் உடைந்து இரண்டும் சேர, சில நொடிகளிலேயே அல்லிசின் பிறக்கத் தொடங்கிவிடும். மூக்கில் ஏறும் அந்த நெடி இதுதான். பாக்டீரியாவின் நொதிகளில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயோல் முனைகளை அல்லிசின் பற்றிக்கொள்ளும். பல நொதிகள் ஒரே சமயத்தில் முடங்கும். ஆனால் அல்லினேஸ் ஒரு புரதம். நசுக்குமுன் வேகவைத்தால் அது செத்துவிடும், அல்லின் அல்லினாகவே கிடக்கும்.

அமிலமும் அல்லினேஸுக்கு எமன். சீரணத்தின்போது திலேப்பியாவின் இரைப்பையில் பிஎச் 2-க்கும் கீழே இறங்கும். அங்கே நொதி பிழைக்காது. கெண்டை இனங்களுக்கோ இரைப்பையே கிடையாது! எப்படியானாலும், வயிற்றை நம்பாமல் வெளியிலேயே அல்லிசினை உண்டாக்கிவிடுவது நல்லது.

ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பூண்டு. விழுதாக அரைத்து 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். 30 மில்லி தண்ணீரில் கரைத்து, தயாரான தீவனக் குச்சிகள்மேல் பிசிறி, 20 மில்லி எண்ணெயைப் பூச வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் சாறு குளத்துநீரில் கரைந்து போய்விடும். நிழலில் உலர்த்தி அன்றே போட்டுவிடுங்கள். அல்லிசின் நிலையற்றது, வைத்திருந்தால் சிதையும்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வானவில் டிரவுட் மீன்களுக்கு 14 நாள் பூண்டுத் தீவனம் கொடுத்துவிட்டு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா கிருமியைச் செலுத்தினார்கள். பூண்டு தின்றவற்றில் சாவு வெகு குறைவு. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் வேகமும், கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம் நொதியின் அளவும் கூடியிருந்தன. அதற்காக ஆண்டு முழுக்கக் கொடுக்க வேண்டாம். ஓயாமல் தூண்டினால் எதிர்ப்பாற்றல் சோர்ந்துவிடும். இரண்டு வாரம் கொடுத்து இரண்டு வாரம் நிறுத்துவது நல்லது.

மூலிகைதானே, கூடினால் என்ன என்பவர்கள் இலுப்பைப் புண்ணாக்கை நினைத்துக்கொள்ளட்டும். குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லப் போடுவதே அதைத்தான். அதிலுள்ள சாபோனின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கொய்யா இலையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அளவு மீறினால், தீவனப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆய்வுகளிலும் எனக்கொரு மனக்குறை உண்டு. 'இலைச்சாறு 1 சதவீதம்' என்று எழுதுகிறார்கள். அதில் வேலை செய்யும் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று பலரும் அளப்பதில்லை. ஒரே செடி மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்போது, அந்தச் சதவீதத்தை வைத்து மற்றொருவர் என்ன செய்வார்? புதுச் செடி தேடும் பணத்தில் பாதியை இந்த அளவீட்டுக்குத் தரலாம்.

வாசகருக்கு இன்னொன்று. புண் வந்த மீன் முதலில் இரையைத்தான் விடும். தீவனத்தில் எதைக் கலந்தாலும் அதன் வாய்க்குள் போகாது. அப்போது கரைந்த ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் அளந்து பாருங்கள், பூண்டை அடுத்த சுற்றுக்கு வையுங்கள்.