நன்கொடையா, மானியமா?

போன மாதம் பினாங்கில் ஒரு சிறிய அம்மன் கோயில் திருவிழா. வைபி, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, வந்தார். மாலை, பொன்னாடை, நாதஸ்வரம் எல்லாம் முடிந்ததும் இரண்டு பேர் ஓர் அட்டைக் காசோலையை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். 20,000 ரிங்கிட். தொகைக்குக் கீழே மலாயில் 'பெருந்துக்கான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் அறிவிப்பாளர் மைக்கில், "நம் வைபி அவர்கள் வாரி வழங்கிய நன்கொடை!" என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், அது வேறு விஷயம்.

பெருந்துக்கான் என்றால் ஒதுக்கீடு. இன்ன செலவுக்கு என்று எடுத்துவைத்த அரசுப் பணம். நன்கொடை என்பது நல் + கொடை. கொடு என்ற வினையில் பிறந்தது. தன்னுடையதைக் கைம்மாறு கருதாமல் தருவது. 'தன்னுடையதை' என்பதில்தான் சொல்லின் உயிரே இருக்கிறது. பாரி முல்லைக்குக் கொடுத்தது தன் தேரை. அந்தத் தேரும் குடிமக்கள் வரியில் செய்ததுதானே என்று கேட்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மன்னர்களிலும் கணக்குப் பார்த்தவர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன், தான் கொடுத்தது, அக்கன் (தமக்கை) கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, 'மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' என்று பிரித்துப் பிரித்து வெட்டச் சொன்னான். நம் அறிவிப்பாளர்களுக்கு அந்த நிதானம் கிடையாது. செய்திகளை மொழிபெயர்ப்பவர்களும் அப்படித்தான். ஒதுக்கீடான 'பெருந்துக்கான்', பங்களிப்பான 'சும்பாங்கான்', தருமமான 'டெர்மா' மூன்றுக்கும் ஒரே நன்கொடைதான். மூன்று பானைக்கு ஒரே மூடி.

சரி, என்ன சொல்வது? மானியம் என்றே சொல்லலாம். கோயிலுக்கும் ஊழியக்காரருக்கும் வரியில்லாமல் விட்ட நிலத்துக்குப் பழைய பெயர் அது. ஜார்ஜ் டவுனிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் நிலமும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிலமும் 1801இல் கும்பினி ஆட்சி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கொடுத்தவை. அதைக் கும்பினியின் நன்கொடை என்று யாரும் உருகுவதில்லை.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர், தமிழாசிரியர், குறுக்கே வருவார். மானியம் வடசொல்லாம், 'நல்கை' என்றுதான் எழுத வேண்டுமாம். தமிழ்நாட்டில் அப்படி எழுதுகிறார்களாம். எழுதட்டும். நல்குதல் என்றால் அன்போடு அருளுதல். சங்கப் பாட்டில் தலைவன் 'நல்கான்' என்று தலைவி ஏங்குவது அவன் பட்டுவாடா செய்யவில்லை என்பதற்காக அல்ல, அவன் மனம் இரங்கவில்லை என்பதற்காக. ஆக நல்கை என்றாலும் கொடுப்பவரின் கருணைதான் முன்னே வந்து நிற்கிறது. நன்கொடையை வாசல் வழியே அனுப்பிவிட்டு அதன் தங்கையைக் கொல்லைப்புறமாக அழைத்து வருகிற கதை. தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் பெட்ரோல் மானியம் என்றால் அது அரசுப் பணம் என்று பினாங்கில் சின்னப் பையனுக்கும் தெரியும்; அதற்காக எண்ணெய் நிலையத்தில் யாருக்கும் மாலை போடுவதில்லை. இவ்வளவு தெளிவான சொல்லை விட்டுவிட்டு நல்கைக்கு எங்கே போவது?

மானியம் வேண்டாம் என்பவர்கள் 'ஒதுக்கீடு' என்றாவது சொல்லட்டும். வைபி தன் சம்பளத்தில் எடுத்து 200 ரிங்கிட் உண்டியலில் போட்டால் அது நன்கொடை. நானே மைக் பிடித்துச் சொல்கிறேன்.

தொல்காப்பியம் ஈ, தா, கொடு மூன்றையும் பிரிக்கிறது. தாழ்ந்தவன் கேட்பது 'ஈ', நிகரானவன் கேட்பது 'தா', உயர்ந்தவன் கேட்பது 'கொடு'. வரி கட்டியவர்கள் நாம். 'கொடு' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'ஈ' என்று நின்றுகொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு விழா முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். "ஐயா, இதுல நன்கொடைன்னுதான் அச்சடிச்சிருக்கு. என்ன செய்ய?" அடித்துவிட்டு அரசு மானியம் என்று எழுதச் சொன்னேன். நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் எழுதினார். அப்புறம் கீழே 'வழங்கியவர்' என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், வைபியின் பெயரை எழுதினார்.