ஏழு கோல் வாங்கிய அணி சாம்பியன் ஆவது எப்படி?

2019 ஜூலை 26, நியூயார்க்கை ஒட்டியுள்ள மெட்லைஃப் மைதானம். சீசன் தொடங்குவதற்கு முன் கிளப்புகள் ஆடிய இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கப் என்ற கால்பந்துப் போட்டியில் அட்லெடிகோ மாட்ரிட், ரியல் மாட்ரிட்டை 7-3 என்று துவைத்து எடுத்தது. இடைவேளைக்கே 5-0. தியேகோ கோஸ்டா தனியாளாக நான்கு கோல் போட்டார், அப்புறம் மைதானத்தில் மல்லுக்கட்டி சிவப்பு அட்டையும் வாங்கினார். அந்த சீசன் முடிந்தபோது ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகாவின் கோப்பை யார் கையில்? அதே ரியல் மாட்ரிட். அட்லெடிகோவுக்கு மூன்றாம் இடம்.

2013 முதல் 2019 வரை ஆண்கள் கிளப்புகளுக்காக அமெரிக்கா, சீனா, சிங்கப்பூர் என்று சுற்றிச் சுற்றி நடந்த இந்தப் போட்டியை வெறும் வசூல் வேட்டை என்பார்கள். வசூல் உண்டுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீரர்களின் உடம்புக்குள் அப்போது வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதற்கும் ஸ்கோருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

இரண்டு சீசன்களுக்கு நடுவே வரும் விடுமுறையிலிருந்து ஆரம்பிப்போம். நல்ல பயிற்சியில் இருக்கும் ஆள் ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது தசை அல்ல, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. சில நாட்களிலேயே குறைய ஆரம்பித்துவிடும். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைகிறது, அதனால் பழைய வேகத்தில் ஓட அது கூடுதலாகத் துடிக்க வேண்டும். வாரங்கள் போனால் தசைக்குள் ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் நொதிகளும் இறங்கும். இதெல்லாம் திரும்பி வரக்கூடியதுதான், மூன்று நான்கு வாரம் ஒழுங்காக ஓடினால் பெரும்பகுதி வந்துவிடும்.

ஆனால் ஓட்டம் மட்டும் போதாது, சிக்கல் பிரேக்கில் இருக்கிறது. முழு வேகத்தில் போகிறவர் எதிராளி சட்டென்று திரும்பியதும் தானும் நின்று திரும்ப வேண்டும். அந்த நொடியில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே, அதே சமயம் இழுத்தும் பிடிக்க வேண்டும். விரைந்து ஓடும்போது தொடையின் பின்பக்கத் தசைக்கும், அதாவது ஹேம்ஸ்ட்ரிங்குக்கும், இதே கதிதான்: முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அது நீண்ட நிலையில் காலை அடக்குகிறது, பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது. இப்படி நீளும்போது வேலை செய்வதுதான் தசை நாரை அதிகம் சேதப்படுத்தும். அடுத்த ஒன்று முதல் மூன்று நாள் வரை மாடிப்படி இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேதமே பாதுகாப்பாகவும் மாறுகிறது. ஒருமுறை அளவாக அடி வாங்கிய தசை, அதே வேலையை அடுத்த சில வாரங்களில் செய்யும்போது முன்பைவிடக் குறைவாகவே பாதிக்கப்படும். தடுப்பூசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு முக்கியம், கூடினால் தடுப்பூசியே நோயாகிவிடும். பயிற்சி மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி எவ்வளவு ஓடினாலும் இந்தத் திடீர் பிரேக்கும் தள்ளுமுள்ளும் அதே அளவில் வராது, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று தெரியாத நிஜ ஆட்டம் வேண்டும்.

இடைவேளையில் பதினொரு பேரையும் மொத்தமாக மாற்றுவதைப் பார்த்து "இது என்ன ஆட்டம்?" என்று சலித்துக்கொள்கிறோம். அது டோஸ். முதல் ஆட்டத்தில் 45 நிமிடம், அடுத்து 60, அப்புறம் 75 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே சட்டைக்குள் புடைத்துத் தெரியும் சின்னக் கருவி ஜிபிஎஸ்ஸாலும், வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியாலும் ஒருவர் எத்தனை மீட்டர் அதிவேகத்தில் ஓடினார், எத்தனை முறை பிரேக் போட்டார் என்பதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும். இந்தக் கோப்பையில் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது, நேராக பெனால்டிதான். உடம்புக் கணக்கில் பார்த்தால் இது நல்ல விதி, திட்டத்தில் இல்லாத 30 நிமிடத்தை யாரும் ஏற்ற வேண்டாம்.

பயணமோ இந்தக் கணக்கையெல்லாம் குலைக்கப் பார்க்கும். 2019 ஜூலையில் சிங்கப்பூரில் டோட்டன்ஹாம் யுவென்டஸை 3-2 என்று வென்றது, கடைசி நிமிடத்தில் ஹாரி கேன் மைதானத்தின் நடுவிலிருந்தே தூக்கி அடித்த கோல் பலருக்கும் நினைவிருக்கும். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் கோடையில் ஏழு மணி நேர வித்தியாசம். மூளையிலுள்ள உடல் கடிகாரம் தோராயமாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகரும், அதிலும் நம் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் கிழக்கே போவது மேற்கே போவதைவிடக் கஷ்டம். மான்செஸ்டர் யுனைடெட் அந்த முறை சாமர்த்தியமாகப் போட்டிருந்தது, தெரிந்தே செய்தார்களா என்பது வேறு விஷயம்: முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த், பிறகு சிங்கப்பூர், அப்புறம் ஷாங்காய். மூன்றுக்கும் ஒரே நேரம்! பெர்த்தில் ஒருமுறை கடிகாரத்தைச் சரிசெய்தால் போதும்.

ஆனால் ஜூலையில் பெர்த்தில் குளிர்காலம், சிங்கப்பூரில் புழுக்கம். வியர்வை சொட்டுவதால் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சும்மா வழிந்து வீணாகும். வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். பிளாஸ்மா கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும். மூன்று நான்கு நாளில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது, களைப்பு மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

தரையும் ஒரு தலைவலி. 2014 ஆகஸ்ட் 2இல் மிச்சிகன் மைதானத்தில் யுனைடெட்-ரியல் ஆட்டத்துக்கு 1,09,318 பேர் வந்தார்கள். அது அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைப் புல்தரை, இந்த ஆட்டத்துக்காக அதன் மேலேயே நிஜப் புல்லைப் பாய்பாயாக விரித்தார்கள். அப்படி விரித்த புல்லுக்குக் கீழே வேர் பிடிக்க மண் கிடையாது, தன் கனத்தாலேயே அசையாமல் கிடக்க வேண்டும். பிடிப்பு குறைந்தால் வழுக்கும். அதிகமானால் இன்னும் மோசம், பூட்ஸ் அங்கேயே நிற்க, உடம்பு திரும்ப, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

2016 ஜூலை 25இல் பெய்ஜிங்கின் பறவைக்கூடு மைதானத்தில் நடக்கவிருந்த மான்செஸ்டர் டெர்பி, அதாவது யுனைடெட்-சிட்டி ஆட்டம், மழையால் தரை கெட்டுப்போய், சில மணி நேரம் இருக்கும்போது ரத்தானது. டிக்கெட் வாங்கியவர்கள் கொதித்தார்கள், அதில் தப்பில்லை. பயிற்சியாளர்களுக்கும் கையிலிருந்த ஒரு டோஸ் போனது, ஆனால் அந்தச் சேற்றில் இறக்கி ஒரு ஹேம்ஸ்ட்ரிங் கிழிந்திருந்தால் பல வாரம் போயிருக்கும்.