‘பூஜை சாமான்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பிளேசான்ஸ் விமான நிலையச் சரக்குப் பகுதியில் எங்கள் கவுண்டருக்கு ஒரு குருக்கள் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர். இங்கே மொரிஷியஸில் ஒரு கோயிலில் பூஜை செய்கிறார். அவருடைய தம்பி பக்கத்துத் தீவான ரீயூனியனில், சேன் ஆந்திரே ஊரில் இன்னொரு கோயிலில் இருக்கிறார். பெட்டி தம்பிக்கு.

“சாமி, உள்ள என்ன இருக்கு?”

“பூஜை சாமான்தான் தம்பி. வேற என்ன இருக்கப்போகுது?”

படிவத்திலும் அந்த இரண்டு வார்த்தைதான். பெட்டியைச் சுற்றி பழுப்பு டேப் இறுக்கி ஒட்டியிருந்தது. கத்தியை எடுத்து டேப்பை அறுக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. கற்பூரம். திறந்தால் கால் கிலோ பாக்கெட் எட்டு. அதன்மேல் ஒரு கட்டுத் தீப்பெட்டி. பக்கவாட்டில் வேட்டிக்குள் சுருட்டி வைத்த ரீசார்ஜ் விளக்கு ஒன்று, கரண்ட் போனால் அபிஷேகத்துக்கு வெளிச்சம் வேண்டுமே என்று.

அவர் எதையும் மறைக்கவில்லை. நம் வீட்டில் பூஜை அலமாரியில் கற்பூரமும் தீப்பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன? ஆனால் விமானச் சரக்கு விதிகளில் கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். அபாயகரமான பொருள்களுக்குக் கொடுக்கும் ஐ.நா. எண்களில் 2717 என்று அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. தீப்பெட்டியும் அதே வகுப்பு. விளக்கின் வயிற்றில் லித்தியம் பேட்டரி. ஆக, தீ மூட்டக்கூடிய மூன்று பொருள்கள், இரண்டு வார்த்தைக்குள் ஒரே பெட்டியில்.

“முடியாது, எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிடலாம். பல கவுண்டர்களில் அப்படித்தான் நடக்கிறது. அப்படி அனுப்பினால் அடுத்த முறை அதே கற்பூரம் யாராவது பயணியின் சூட்கேசுக்குள் போய்விடும். அதனால் உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஹெல்டர்பெர்க் கதையைச் சொன்னேன். இந்தத் தீவில் சரக்கு வேலை பார்க்கும் எவரும் அதைத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிறவன் நான்.

1987 நவம்பர் 27. தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று தைப்பேயிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் கிளம்பியது. அந்த நிறுவனம் தன் ஜம்போக்களுக்கு மலைகளின் பெயரை வைக்கும். இதன் பெயர் ஹெல்டர்பெர்க், கேப் பகுதியில் உள்ள ஒரு மலை. விமானத்தில் 140 பயணிகள், 19 பணியாளர்கள். வழியில் எங்கள் பிளேசான்ஸில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

அது ‘காம்பி’ வகை விமானம். பயணிகள் உட்காரும் அதே தளத்தில் முன்பக்கம் இருக்கைகள், பின்பக்கம் ஒரு தடுப்புச் சுவர், அதற்குப் பின்னால் சரக்கு. அன்று அந்தப் பின்னறையில் ஆறு பாலெட் சரக்கு இருந்தது. பாலெட் என்றால் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அலுமினியத் தட்டு ஒன்றின் மேல் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, வலை போட்டு இறுக்கியிருப்போம். பெட்டிகளுக்கு நடுவில் விரல்கூட நுழையாது.

28-ஆம் தேதி அதிகாலை, எங்கள் நேரப்படி 3.49-க்கு கேப்டன் பிளேசான்ஸ் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். விமானத்தில் புகை, அவசரமாக 14,000 அடிக்கு இறங்குகிறோம் என்றார். கட்டுப்பாட்டாளர் பேசிக்கொண்டே இருந்தார். எந்த ஓடுபாதை என்று கேட்டார், பதில் வந்தது. 4.04 வாக்கில் கேட்டதுதான் கடைசிக் குரல். மீட்கப்பட்ட கைக்கடிகாரங்களைக் கொண்டு பின்னால் கணக்கிட்டதில், 4.07-க்கு விமானம் கடலில் விழுந்திருக்கிறது. இங்கிருந்து வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டர். 159 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு நீதிபதி செசில் மார்கோ தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். உடைந்த பாகங்கள் கிடந்த ஆழம் ஏறக்குறைய 4,900 மீட்டர். அவ்வளவு ஆழத்துக்குக் கப்பலிலிருந்து இயந்திரத்தை இறக்கித் தேடி, 1989 ஜனவரியில் விமானி அறைக் குரல்பதிவுப் பெட்டியை எடுத்தார்கள். தகவல்பதிவுப் பெட்டி கிடைக்கவே இல்லை. குரல்பதிவிலும் தீ எச்சரிக்கை மணி அடித்த கொஞ்ச நேரத்திலேயே பேச்சு நின்றுபோகிறது. பின்னறைக் கூரையோடு ஓடிய மின்கம்பிகளைத் தீ தின்றுவிட்டது.

கிடைத்த பொருள்களில் ஒன்று எனக்கு மறக்காது. ஒரு கைத் தீயணைப்பான். அதன்மேல் உலோகம் உருகி வழிந்து உறைந்திருந்தது. அந்தக் காலத்து விதியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கறையில் புகை மணி அடித்தால் பணியாளர் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போய், கையில் உள்ள தீயணைப்பானால் அணைப்பார் என்பதுதான் விதியின் நம்பிக்கை. விமானத்தின் வயிற்றுப்பகுதிச் சரக்கறைகளில் இருப்பதுபோல, இருந்த இடத்திலிருந்தே வாயுவைப் பாய்ச்சித் தீயை அமுக்கும் ஏற்பாடு இந்த அறைக்கு இல்லை. வைக்கோற்போர் உள்ளுக்குள் கனலும்போது மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதுதான் இங்கேயும். வலது முன்பக்கப் பாலெட்டில் தொடங்கிய தீ, அட்டை, பிளாஸ்டிக் போன்ற பொதி கட்டும் பொருள்களைப் பெரும்பாலும் பற்றி எரிந்திருக்கிறது என்றது ஆணையம். முதல் பொறி எதிலிருந்து வந்தது என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை.

அந்த வெற்றிடத்தில் பல சந்தேகங்கள் முளைத்தன. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசாங்கக் காலம், அந்த நாட்டுக்கு ஆயுதத் தடை இருந்த காலம். ரகசியச் சரக்கு ஏதோ ஏற்றினார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. 1998-ல், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் இதை எடுத்து விசாரித்தது. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. என் தொழிலுக்கு அதில் இருப்பது ஒரே ஒரு விஷயம்: பெட்டிக்குள் என்ன இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனால், இறந்தவர்களின் குடும்பத்துக்கு இத்தனை வருஷம் கழித்தும் பதில் கிடைக்காது.

விதிகள் மாறின. காம்பி விமானங்களின் மேல்தளச் சரக்கறைக்கு 1989-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கடுமையான நிபந்தனைகள் போட்டது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் காம்பி பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. ஆனால் விமானத்தை எவ்வளவு பலமாகக் கட்டினாலும் படிவத்தில் எழுதுவது நாம்தானே? 1996-ல் ஃப்ளோரிடாவில் வேல்யூஜெட் விமானம் ஒன்று சதுப்புநிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அதன் சரக்கறையில் இருந்தவை காலாவதியான ஆக்ஸிஜன் உருவாக்கிகள், வேலை செய்தால் நெருப்பாய்க் கொதிப்பவை. சீட்டில் எழுதியிருந்தது ‘காலி’ என்று. காலியாக இல்லை.

என் கையெழுத்தும் அப்படி ஒரு காகிதத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனுஷர், ‘துணிமணி’ என்று எழுதி ஒரு பெட்டி கொண்டுவந்தார். தெரிந்தவர்தானே என்று திறக்காமல் ஏற்றுக்கொண்டேன். அடுத்த கட்டத்தில் எக்ஸ்ரே பார்க்கும் பெண் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். மடித்த துணிகளுக்கு நடுவே செங்கல் செங்கலாக 11 பவர் பேங்க். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, காகிதத்தை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டி ஏறவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அன்று ராத்திரி தூங்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் முகத்தைப் பார்த்து நான் ஏற்றுக்கொண்டதில்லை.

லித்தியம் பேட்டரி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? ஒரு செல் சூடேறி வெடித்தால் அந்த வெப்பம் பக்கத்துச் செல்லைக் கிளப்பிவிடும். அப்புறம் அடுத்தது. அணைத்தாலும் மறுபடி பற்றும். 2010-ல் துபாயில் யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று இப்படிப்பட்ட தீயில் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அதுவும் ஒரு போயிங் 747. லித்தியம் அயன் பேட்டரிகளை, எந்தக் கருவியோடும் சேராமல் தனியாக, பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரலிலிருந்து உலக அளவில் நிறுத்திவிட்டார்கள்.

பயணம் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், சரக்கறைக்குப் போகும் சூட்கேசில் வைக்கவே வைக்காதீர்கள். கைப்பையில் புகை வந்தால் யாராவது பார்ப்பார்கள், எட்டிப் பிடிக்கலாம். பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலை வாட்-மணியில் அளப்பார்கள். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பவர் பேங்கில் 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது 74 வாட்-மணி. 27,000 போட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டுவிட்டது. உப்பிப்போன பேட்டரியை விமான நிலையத்துக்கே கொண்டுவராதீர்கள். கைபேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை நகர்த்தித் தேடாமல் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். நசுங்கும் பேட்டரிதான் பற்றிக்கொள்ளும்.

கற்பூரத்தை சூட்கேசிலும் வைக்கக் கூடாது, கைப்பையிலும் வைக்கக் கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் அபாயகரமான பொருள் என்று முறைப்படி அறிவித்து, பயிற்சி பெற்றவர்கள் பொதிந்து, சரக்காகத்தான் அனுப்ப முடியும். கொப்பரைத் தேங்காயையும் சேர்த்தே சொல்கிறேன், ஊரிலிருந்து பலர் கொண்டுவருகிறார்கள். எண்ணெய்ப் பசை உள்ள கொப்பரை தானாகவே சூடேறக்கூடியது, அதுவும் பட்டியலில் இருக்கிறது.

குருக்கள் தேநீரைக் குடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். ஆறிப்போயிருந்தது. பிறகு எழுந்து, தன் கையாலேயே கற்பூரப் பாக்கெட்டுகளையும் தீப்பெட்டிக் கட்டையும் எடுத்து வெளியே வைத்தார். விளக்கையும் எடுத்தார்.

“கற்பூரம் தம்பி அங்கயே வாங்கிக்குவான். புதுப் படிவம் ஒண்ணு குடுங்க.”

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுத ஆரம்பித்தார். பித்தளைக் குத்துவிளக்கு 2. வேட்டி 6. பட்டுத்துணி 1. சந்தனக்கட்டை 1. மணி 1.

பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“விபூதியும் எழுதணுமா?”

“எழுதுங்க சாமி. எத்தனை பாக்கெட்டுன்னும் போடுங்க.”