குறட்டை விடுகிறவர் தூங்கவில்லை

"வழியெல்லாம் நன்றாகத் தூங்கினார் அக்கா, ஒரே குறட்டை." போன வாரம் நள்ளிரவில் ஆம்புலன்ஸின் முன் இருக்கையிலிருந்து இறங்கிய செவிலியர் தங்கை சொன்னது இது. அம்பாசமுத்திரம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். பின்கதவைத் திறந்தால் உதடு நீலம் பாரித்திருக்கிறது. கடைவாயில் இரத்தம் கலந்த எச்சில். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன்: இரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம்தான். கீழ்த்தாடையை இரு கையாலும் முன்னுக்குத் தள்ளியதும் குறட்டை நின்றது, மூச்சு சீராக ஏறி இறங்கியது. இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஆம்புலன்ஸில் நோயாளியோடு வரும் செவிலியர் தங்கைகளே, திரும்பவும் சொல்கிறேன். அடிபட்டு, கூப்பிட்டால் கண் திறக்காதவர் விடும் குறட்டை தூக்கமல்ல. தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. மிச்சமிருக்கும் இடுக்கில் காற்று உரசும் சத்தம் அது. தானாக நின்றுவிட்டால் நிம்மதி வேண்டாம். அந்த இடுக்கும் மூடியிருக்கலாம். வீட்டில் அப்பா விடும் குறட்டையோடு இதை ஒப்பிடாதீர்கள். தட்டி எழுப்பினால் அப்பா எழுந்து திட்டுவார். இவர் எழமாட்டார். சேரன்மகாதேவி தாண்டிப் பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அடிபட்ட மூளை காத்திருக்காது, ஓட்டுநர் எவ்வளவு விரட்டினாலும்.

தாடையைத் தள்ளுங்கள், தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள்; கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். நாக்கு தொண்டையை அடைக்காமல் தாங்கும் ஏர்வே குழாயை வாயோரத்திலிருந்து தாடை மூலைவரை அளந்து போடுங்கள், குமட்டினால் எடுத்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் எல்லாவற்றையும் ஒரே சீராக ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தினால் யாரும் உங்களைத் தின்றுவிட மாட்டார்கள்.

சக்‌ஷன் கருவி வாயிலுள்ள இரத்தத்தையும் எச்சிலையும் உறிஞ்சுகிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஆக்சிஜனையும்தான். 1500 லிட்டர் சிலிண்டரில் முள் பாதியில் நின்றால், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 75 நிமிடம்தான் வரும். இந்தக் கணக்கு தெரியாமல் வண்டி ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் தங்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருடம் படித்தவளுக்கு ஓடும் வண்டிக்குள் என்ன செய்வதென்று ஒருவரும் காட்டவில்லை. அவள் விரல்களைப் பிடித்து என் தாடையிலேயே வைத்துக் காட்டினேன். பின்னால் உட்கார்ந்தால் தலைசுற்றி வாந்தி வருகிறது என்றாள். எனக்கும் வந்திருக்கிறது. மடியில் ஒரு கவரை வைத்துக்கொண்டாவது தலைமாட்டில் உட்காருங்கள் தாயி.