ஸ்டட் என்றால் முளை: சுவரில் எழுத்தை நிறுத்தும் சொல்

பெயர்ப்பலகைக்குச் செய்த உலோக எழுத்து ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மெருகேறி வழவழவென்று இருக்கும். பின்பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் விரல் நீளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பென்சிலைவிட ஒல்லியான கம்பி, உடம்பு முழுக்க மரை ஓடியிருக்கும். இதைத்தான் தொழிலில் ‘ஸ்டட்’ என்கிறார்கள். அதைக் கொண்டு எழுத்தைச் சுவரில் நிறுத்துவது ‘ஸ்டட் மவுண்டிங்’. தமிழில் எழுதுகிற விலைப்பட்டியலிலும் இதே பேச்சுதான். இதற்கு ஈடான சொல்லை யாரும் புதிதாக உருவாக்க வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அகராதியைத் திறந்தால் முதலில் குழப்பம்தான் வரும். குமிழாணி என்று ஒரு பொருள், சட்டைப் பொத்தான் என்று இன்னொன்று, பொலிகுதிரை என்று மூன்றாவது. குதிரையை ஒதுக்கிவிடலாம், அது வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டோட்’ என்றால் குதிரை மந்தை. நம்முடைய ஸ்டட் வந்தது ‘ஸ்டுடு’ என்ற சொல்லிலிருந்து. அதற்குத் தூண், முட்டுக்கால் என்று பொருள். ‘நிற்பது’ என்ற கருத்துள்ள ஒரே பழைய வேரில் இரண்டும் போய்ச் சேர்வதாகச் சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். மரச்சட்டம் கட்டி எழுப்பும் சுவரின் உள்ளே நிற்கிற கால்களுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ஸ்டட் என்றே பெயர். தூணாக இருந்த சொல் பிறகு சிறுத்தது. கதவிலும் தோலிலும் வரிசையாக அடிக்கும் குமிழ்த்தலை ஆணிக்கு வந்தது, சட்டைக்கு வந்தது, காதுக்கும் வந்தது.

காதில் போடும் ஸ்டட் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கம்மலுக்கு முன்னால் பூ, பின்னால் தண்டு. தண்டு துளைக்குள் போய்விடும், பார்ப்பவர் கண்ணுக்குப் பூ மட்டும் தெரியும். சுவர் எழுத்தும் அப்படித்தான். ஆனால் கம்மலுக்குப் பின்புறம் திருகு போட்டு முடுக்க இடம் இருக்கிறது. செங்கல் சுவரின் உள்ளே கையை விட்டு முடுக்க முடியாது. அதனால் தண்டு துளைக்குள் இறங்கிப் பசையில் ஊன்றி நிற்க வேண்டும்.

இப்படி ஊன்றி நிற்பதற்குத் தமிழில் முளை என்று பெயர். மாட்டைக் கட்ட அடிப்பது முளை. கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டுவதும் முளையில்தான். திரிகைக் கல்லின் நடுவில் நிற்பதும் முளை. விதையிலிருந்து வெளியே தலைநீட்டுவதும் அதே முளை. ஒரு பக்கம் வெளிப்படுவது, இன்னொரு பக்கம் உள்ளே இறங்குவது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. எழுத்தின் முதுகிலிருந்து முளைத்துச் சுவருக்குள் இறங்கும் இந்தக் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஆணி என்றே சொல்லிவிடலாமே என்பார்கள். ஆணிக்குத் தலை உண்டு, அந்தத் தலையில் அடிப்போம். ஸ்டட்டுக்குத் தலை கிடையாது, அதை யாரும் அடிப்பதும் கிடையாது. குமிழாணி என்றால் குமிழே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆப்பு பிளப்பதற்கும் இறுக்குவதற்கும் உள்ளது. ஆக முளைதான் சரி. மரை இருப்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் மரைமுளை. மரை என்ற சொல்லைப் பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று நாள்தோறும் சொல்கிறவர்கள்தானே நாம். இந்த மரைக்கு அழகைவிட வேலைதான் முக்கியம். பசை அதன் பள்ளங்களில் புகுந்து பிடித்துக்கொள்ளும். வழவழப்பான கம்பியாக இருந்தால் இழுத்த இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

மவுண்டிங் என்ற சொல்லின் கதை வேறு. லத்தீனில் மலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சில் ‘ஏறு’ என்ற வினை பிறந்து, அது ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரை மேல் ஏறுவதும், மோதிரத்தில் கல் வைப்பதும், சுவரில் பலகை பொருத்துவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கும். தமிழில் அப்படி இல்லை, அதை நான் குறையாகவும் நினைக்கவில்லை. கல்லைப் பதிக்கிறோம், ஆணியை அறைகிறோம், படத்தை மாட்டுகிறோம், தாளை ஒட்டுகிறோம், மரையை முடுக்குகிறோம். வினையைச் சொன்னாலே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும். ஸ்டட் மவுண்டிங்கில் முளை சுவருக்குள் இறங்கிப் பசையில் அமர்வதால் அது முளை பதித்தல்.

செங்கல் சுவரில் முளை பதிப்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தால் இந்தச் சொற்களுக்கு ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்று புரியும். முதலில் எழுத்துகளின் உருவமும் முளைகளின் இடமும் அச்சிட்ட அச்சுத்தாளை நீர்மட்டம் பார்த்துச் சுவரில் ஒட்டுவார்கள். அதன் மேலேயே துளை போடுவார்கள், துளை முளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். துளைப்பது செங்கல்லிலா, இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவை இணைப்பிலா என்பது இங்கே பெரிய கேள்வி. இணைப்பில் துளைத்தால் பின்னால் கலவை வைத்து அடைத்துவிடலாம், சுவருக்குத் தழும்பு இருக்காது, ஆனால் பிடிப்பு குறைவு. செங்கல்லில் பிடிப்பு அதிகம், துளையோ என்றைக்கும் மறையாது. ஒற்றைத் திருகாணி என்றால் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துக்கு முளையின் இடம் முன்பே முடிவாகிவிட்டது. ஒன்று செங்கல்லின் நடுவிலும் அடுத்தது சரியாக விளிம்பிலும் வந்து விழும். இணைப்பின் அகலம் 10 மி.மீ. அளவுதான் இருக்கும். விளிம்பில் துரப்பண முனை வழுக்கி மென்மையான கலவைப் பக்கம் ஓடிவிடும். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வேலையில் இப்படி ஒரு துளை 4 மி.மீ. விலகி, எழுத்து வரிசையை விட்டு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து விளிம்பில் விழும் துளையைச் சுத்தியல் விசை இல்லாமல், மெல்லிய முனையால் முதலில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

துளையிலிருந்து செந்தூள் கொட்டும். அதை ஊதி, தூரிகை விட்டுச் சுத்தமாக எடுக்காவிட்டால் பசை செங்கல்லைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். பிறகு பசை இல்லாமல் ஒருமுறை எழுத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எல்லா முளையும் துளைக்குள் தடையில்லாமல் போன பிறகே பசை. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அதன் அமிலம் சில உலோகங்களை அரிக்கும், சிமெண்டோடும் ஒத்துப்போகாது. முளை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இரும்பு முளை என்றால் சில மழைக்காலத்தில் எழுத்துக்குக் கீழே பழுப்புக் கண்ணீர் வடியும்.

செங்கல் மேடு பள்ளமாக இருப்பதால் எழுத்தை ஒட்டினாற்போல் வைத்தால் ஓரத்தில் சந்து தெரியும். அதற்குத்தான் ‘ஸ்பேசர்’, முளையில் கோத்து எழுத்தைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் சின்னக் குழாய். இடைக்குழல் என்று சொல்லலாம். பின்னால் மழைநீர் தங்காமல் ஓடிவிடும், வெயிலில் எழுத்தின் நிழலும் அழகாக விழும்.

மற்றச் சுவர்களுக்கு வினை மாறிக்கொண்டே போகும். உள்ளே பொந்துள்ள துளைச் செங்கல்லில் வலைக்குழல், அதாவது வலையால் ஆன சிறு குழாய், செருகிப் பிசின் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பசை முழுவதும் பொந்துக்குள் போய்விடும். பூச்சுச் சுவரில் முளை பூச்சைத் தாண்டிக் கல்லைத் தொட வேண்டும். தட்டிப் பார்த்து வெற்றொலி வரும் இடத்தை நம்பக் கூடாது. மரத்தில் முடுக்கலாம். கெட்டிப்படுத்திய கண்ணாடியில் துளை போட்டால் முழுப் பலகையும் நொறுங்கும், அங்கே ஒட்டுவது ஒன்றே வழி. எழுத்து திருகாணியால் நிற்கிற இடங்களில் ‘ராவல் பிளக்’ வரும், திருகாணி இறுகிப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் அடைப்பு. அது ஆள் பெயரால் வந்த சொல், ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பொருள். 1958இல் ஆர்ட்டூர் ஃபிஷர் அதே வேலைக்கு நைலான் அடைப்பைக் கொண்டுவந்தார். முளை என்ற பெயரை இவற்றுக்குக் கொடுத்துக் குழப்பக் கூடாது. முளை எழுத்தோடு வருவது, அடைப்பு சுவரோடு தங்குவது.

எழுத்து ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு முளையாவது வேண்டும், ஒன்றே இருந்தால் சுழன்று சாயும். அக்ரிலிக் எழுத்து ஒரு மீட்டர் நீளம் என்றால் 30 டிகிரி வெப்பம் ஏறும்போது சுமார் 2 மி.மீ. நீளும். அதற்கும் துளையில் இடம் விட வேண்டும். தமிழ் எழுத்துக்கு இன்னொன்றும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி உடம்போடு ஒட்டாமல் தனித் துண்டாக நிற்கிறது. மற்றத் துண்டுகளுக்கு முளை வைத்துவிட்டு, சிறியதுதானே என்று புள்ளியை மட்டும் நாடாவில் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ‘கல்வி’ என்ற சொல்லில் அந்தப் புள்ளி விழுந்தால் சுவரில் ‘கலவி’ நிற்கும். வேலை கொடுக்கும்போது புள்ளிக்கும் தனியாக ஒரு முளை என்று எழுதிக் கொடுங்கள்.