மேசையில் ஒரு கொல்லும் செடி: வேற்றுக்கிரகத் தாவரப் பொறிகளைச் செய்யும் முறை

மினியேச்சர் போர் விளையாட்டில், அதாவது சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் ஆட்டத்தில், மேசை மேல் வைக்கும் பொருட்கள் பெரும்பாலும் சும்மா நிற்பவை. சுவர் மறைக்கும், குன்று உயரம் தரும், காடு நடையைக் குறைக்கும். வேற்றுக்கிரகச் செடியின் கதை வேறு. அது இரண்டு அணிக்கும் பொதுவான எதிரி. பக்கத்தில் வந்தவரைப் பிடிக்கும், வெடித்துச் சிதறும், காலைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே எது பட்டால் அது இயங்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த விசை தெளிவாக இருந்தால் உருவம் அதன் பின்னாலேயே வரும். உருவத்தைப் பார்த்ததும் ஆட்டக்காரருக்கு விதியும் ஞாபகம் வரும். விசையை யோசிக்காமல் ஒட்டிய கொடியும் முள்ளும் இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு வெறும் புதர்தான்.

விசைக்காக மெனக்கெட்டுக் கற்பனை செய்யத் தேவையில்லை. பூமியில் உள்ள செடிகளே போதும்.

இரண்டு தொடுகையில் மூடும் வாய்

வீனஸ் பூச்சிப்பொறி இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் ஈரநிலங்களில் மட்டும்தான். அதன் இலை இரண்டு மடல்களாகப் பிளந்திருக்கும். ஒவ்வொரு மடலின் உட்பக்கத்திலும் வழக்கமாக மூன்று உணர்முடிகள் இருக்கும். ஒரு முடியை ஒரு தடவை தொட்டால் இலை அசையாது. சுமார் 20 நொடிக்குள் மறுபடி தொட்டால்தான் மூடும். அதுவும் ஏறத்தாழ 0.1 நொடியில். மழைத்துளியும் சருகும் விழுந்ததற்கெல்லாம் மூடித் திறந்து சக்தியை வீணாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்தச் செடி எண்ணுவது இரண்டோடு நிற்பதில்லை என்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். உள்ளே சிக்கிய பூச்சி துள்ளத் துள்ளத் தொடுகைகள் கூடும். ஐந்து அளவுக்குப் போனதும் செரிக்கும் நொதிகளின் உற்பத்தி தொடங்கும்.

இதை அப்படியே விதியாக்கலாம். செடியிலிருந்து 2 அங்குலத்துக்குள் நுழையும் முதல் வீரருக்கு ஒன்றும் ஆகாது. செடியின் பக்கத்தில் ஒரு வில்லை வைக்க வேண்டும். அதே சுற்றுக்குள் இன்னொருவர் நுழைந்தால் வாய் மூடும், அவர் உள்ளே. சுற்று முடிந்ததும் வில்லையை எடுத்துவிடலாம். "பகடையில் 1 விழுந்தால் காயம்" என்ற வழக்கமான விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. இதில் யாரை முதலில் அனுப்புவது, எதிரி வரும் முன்பே நாமே ஒரு தொடுகையைக் கொடுத்து வைப்பதா என்று ஒவ்வொரு சுற்றும் யோசிக்க வேண்டியிருக்கும்.

உருவத்திலும் உண்மையான செடியைப் பின்பற்றுவது நல்லது. இலை திறந்திருக்கும்போது மடலின் உட்பக்கம் வெளியே புடைத்திருக்கும். மூடும் கணத்தில் அதே பக்கம் குழிந்துவிடும். தலையில் குத்தும் டிக்டாக் கிளிப் ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்கு டக்கென்று தாவுவது போலத்தான். தசையே இல்லாத செடிக்கு அந்த வேகம் இந்தத் தாவலில் கிடைக்கிறது. இதை 2005-இல் அளந்து விளக்கினார்கள். கடையில் வாங்கும் பொம்மைப் பொறிகளில் திறந்த வாயின் உட்பக்கமும் கிண்ணம் போலக் குழிந்தே இருக்கிறது. அதனால்தான் அவற்றில் பாயப்போகும் இறுக்கம் தெரிவதில்லை.

28 மி.மீ. உயரப் பொம்மை வீரரை விழுங்க டீஸ்பூன் அளவு மடல் சரியாக இருக்கும். எபாக்சி புட்டியின் (கலந்ததும் களிமண் போலிருந்து பிறகு கல்லாக இறுகும் பொருள்) இரண்டு பாகங்களையும் சம அளவில் எடுத்து, நிறக் கோடு துளியும் தெரியாமல் பிசையுங்கள். பிசைந்து முடித்தபின் 2 செ.மீ. விட்ட உருண்டை வந்தால் இரண்டு மடலுக்குப் போதும். கடினமாக்கும் பாகத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்க வேண்டாம். புட்டி காய்வதில்லை, இரண்டு பாகமும் வினைபுரிந்து இறுகுகிறது. மிஞ்சிய பாகம் வினைபுரிய ஜோடி இல்லாமல் பிசுபிசுப்பாகவே தங்கிவிடும். பிசைந்ததை 2 மி.மீ. தடிமனில் தட்டி, வாசலின் தடவிய டீஸ்பூனின் முதுகில் படிய வையுங்கள். திறந்த வாய்க்கும் மூடிய வாய்க்கும் ஒரே அச்சு போதும். இப்படிக் கிடைத்த மடல் ஓட்டின் புடைத்த பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து ஒட்டினால் திறந்த வாய். குழிந்த பக்கத்தை உள்ளே வைத்தால் மூடிய வாய்.

விளிம்பு முட்களுக்குப் பழைய தரை பிரஷ்ஷின் நைலான் முடி. 10 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, 4 மி.மீ. இடைவெளியில், 2 மி.மீ. ஆழத்துக்குக் குத்துங்கள். எப்போது குத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புட்டியைப் பிசைந்த கையோடு குத்தினால் முடி சாயும்; கல்லாக இறுகியபின் நுழையாது. விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

திறந்த வாயையும் மூடிய வாயையும் ஒரே தண்டில் மாற்றி மாற்றி மாட்ட, 5 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தங்கள் நன்றாக உதவும். எந்த முகம் எதை ஈர்க்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொண்ட பிறகே ஒட்டுங்கள். ஹாட் குளூ வேண்டாம்: சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே வலு இழக்கத் தொடங்கும், சூடான வகை குளூ கன்னிலிருந்து வரும் பசையோ 190 டிகிரி அளவில் இருக்கும். ஃபெவிக்விக் அல்லது மிச்சமிருக்கும் எபாக்சியே போதும்.

பசைக் கொடி

தமிழ்நாட்டு ஈரநிலங்களிலும் வளரும் அழுகண்ணி இந்த வகைக்கு முன்மாதிரி. இலை முழுக்க மெல்லிய கொம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பளபளக்கும் பசைத்துளி. ஒட்டிக்கொண்ட பூச்சி உதற உதற அக்கம்பக்கத்துக் கொம்புகளும் தூண்டப்பட்டு அதன் மேல் வளைகின்றன. விதியும் அதுவே: சிக்கியவர் தப்பிக்கப் பகடை உருட்டி 4 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும், தவறினால் அடுத்த முறை 5, பிறகு 6. அசையாமல் நிற்பவருக்குத் தேவைப்படும் எண் ஏறாது, ஆனால் அந்தச் சுற்று அவருக்கு வீண்.

அடித்தட்டுக்குப் பழைய சிடி. விட்டம் 120 மி.மீ., அதாவது ஆரம் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். சிடியின் விளிம்பையே ஆபத்தின் எல்லையாக வைத்துக்கொண்டால் டேப் எடுத்து அளக்கும் வேலையே இல்லை. வீரர் நிற்கும் அடித்தட்டு சிடியைத் தொட்டால் சிக்கினார். சிடியின் வழவழப்பில் ஃபெவிகால் பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். 120 எண் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

கொடிக்குக் கட்டடக் கட்டுக்கம்பி நல்லது. சொன்னபடி வளையும், வளைத்த இடத்தில் நிற்கும். 15 செ.மீ. துண்டை இரண்டாக மடித்து முறுக்கினால் 7 செ.மீ. கொடி ஒன்று. ஒரு செடிக்குப் பத்துக் கொடி. எல்லாவற்றையும் சேர்த்து அடியில் 2 செ.மீ. முறுக்கி, அதற்கும் கீழே மிஞ்சும் முனைகளை வேர்போல நாலா பக்கமும் விரித்துப் படுக்க வைத்து, மேலே புட்டியால் மூடுங்கள். நேராகத் துளையில் நட்டால் இரண்டு ஆட்டத்தில் ஆடிப்போகும். கட்டுக்கம்பிக்கு ஒரே குறை துரு. ஃபெவிகால், அக்ரிலிக் பெயின்ட் இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. வெறும் கம்பியில் நேரடியாகப் பூசினால் சில நாளில் பழுப்புக் கறை மேலே ஏறும். முதலில் ஒரு கோட் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள்.

கம்பிக்குச் சதை கொடுப்பது ஹாட் குளூ. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உலோகம் வெப்பத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், கம்பியைத் தொட்ட பசை அதன் மேல் பரவிப் பிடிப்பதற்குள் உறைந்துவிடும். பார்க்க ஒட்டியது போலிருக்கும், வளைத்ததும் உறை கழன்று வரும். ஹேர் டிரையரால் கம்பியை முன்கூட்டியே சூடாக்கினால் இந்தச் சிக்கல் இல்லை. பசை இளகியிருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் சொட்டும் நிலையிலேயே நின்றுவிடும். அந்த முடிச்சு முடிச்சான தோற்றம் வேறெதிலும் கிடைக்காது. உறைந்த பசையில் ஒருவித மெழுகுத்தன்மை உண்டு, போதாததற்கு வளையவும் செய்யும். எனவே பெயின்ட் செதில் செதிலாக உதிரும். பிளாஸ்டிக்குக்கான ஸ்பிரே பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே நிறம் கொடுங்கள்.

பசைத்துளிகளைக் கடைசியில், பெயின்ட்டும் வார்னிஷும் முடிந்த பின் வையுங்கள். யு.வி. ரெசினை (புறஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின்) ஊசி முனையில் எடுத்து நுனியில் தொட்டு வைத்து, செடியைத் தலைகீழாகப் பிடித்து, 405 நானோமீட்டர் விளக்கைக் காட்டுங்கள். 2 மி.மீ. வரை உள்ள துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாகப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் போனால் எடை வென்று துளி வழியும். சிவப்போ மஞ்சளோ கலந்தால் மிகக் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். நிறமி ஒளியைத் தடுக்கும், மேலே இறுகி உள்ளே திரவமாகவே கிடக்கும். இறுகிய பிறகும் மேல்பரப்பு பிசுபிசுத்தால் காற்றின் ஆக்சிஜன் வினையைத் தடுத்திருக்கிறது என்று பொருள். இன்னும் சிறிது நேரம் விளக்கைக் காட்டுங்கள்.

வெடிக்கும் காய்கள்

அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஹூரா கிரெபிடன்ஸ் மரத்தின் காய் காயக் காய அதன் சுவரில் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சத்தத்தோடு வெடித்து விதைகளை நொடிக்கு 40 மீட்டர் அளவு வேகத்தில் வீசும். இதை மேசைக்குக் கொண்டுவந்தால் சங்கிலி வெடிப்பு கிடைக்கும். ஒரு காய் வெடித்தால் 3 அங்குலத்துக்குள் உள்ள மற்ற காய்கள் ஒவ்வொன்றுக்கும் பகடை.

எந்த எண்ணில் வெடிக்க வேண்டும் என்பதை ஊகத்தில் வைக்காதீர்கள். ஒரு காய் சராசரியாகப் புதிதாக எத்தனை காய்களை வெடிக்க வைக்கும் என்று கணக்கிடுங்கள். வெடிக்காத அண்டைக் காய்கள் 2, வெடிக்க 5 அல்லது 6 தேவை என்றால் 2 × 1/3, அதாவது 0.67. இது 1-க்குக் கீழே, ஆகவே சங்கிலி தானே அடங்கும். சராசரியாக மூன்று காய்க்கு மேல் போகாது. அண்டைக் காய்கள் 3, தேவை 4 அல்லது அதற்கு மேல் என்றால் 1.5. அப்போது ஒரு தீப்பொறியில் தோட்டம் முழுவதும் போக நல்ல வாய்ப்பு உண்டு. விதி எண்ணை மாற்றாமல், காய்களை நெருக்கியோ விலக்கியோ வைத்தும் இதே விளைவைப் பெறலாம். ஒரே மேசையில் ஒரு பக்கம் அடங்கும் கொத்து, மறுபக்கம் அடங்காத கொத்து என்று வைப்பது ஆட்டத்துக்கு அருமையான பதற்றம் தரும்.

காய்க்குச் சவுக்குக் காய் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. வாய் திறந்த செதில்கள் 28 மி.மீ. அளவுக்குக் கச்சிதம். 100 டிகிரி ஓவனில் அரை மணி நேரம், பக்கத்திலேயே இருந்து, உலர்த்தி எடுங்கள். ஈரத்தோடு ஃபெவிகால் பூசினால் பூஞ்சை வரும். பெரிய காய்க்குத் தெர்மாகோல் உருண்டை. அதன் மேல் நேரடியாக ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலில் கொஞ்சம் கறுப்பு அக்ரிலிக் கலந்து இரண்டு கோட் பூசி மூடுங்கள். கறுப்பு எதற்கென்றால், விடுபட்ட வெள்ளைப் புள்ளி உடனே கண்ணில் படும். வெடித்த காய்க்கு மட்டும் இந்தக் கரைதலையே கருவியாக்கலாம்: மூடாத உருண்டையின் ஒரு பக்கத்தில், வீட்டுக்கு வெளியே முகமூடியோடு, தூரத்திலிருந்து லேசாக ஸ்பிரே காட்டினால் அரித்துத் தின்ற குழிகள் விழும். கையால் செதுக்கி அந்த இயல்பைக் கொண்டுவர முடியாது.

நிறம்

நம் செடிகளின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது, பச்சையை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. வேறு விண்மீனின் ஒளி வேறு. மங்கலான சிவப்புக் குறுமீனைச் சுற்றும் கோளில், கிடைக்கும் ஒளியை எல்லாம் விழுங்கும் கறுத்த தாவரங்கள் இருக்கலாம் என்று நாசாவின் நான்சி கியாங் 2007-இல் எழுதினார். மேசைக்கு இது நல்ல வழிகாட்டி. உடலைக் கருஊதா அல்லது கரும்பழுப்பில் வைத்து, ட்ரை பிரஷ்ஷால் (பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகை) மேடுகளில் மட்டும் வெளிர் நிறம் இழுங்கள். விசை இருக்கும் இடத்துக்கு, அதாவது உணர்முடி, பசைத்துளி, காயின் பிளவு ஆகியவற்றுக்கு, ஒரே ஒரு பளிச் நிறம். அந்த நிறம் மேசையில் வேறெங்கும் வரக் கூடாது. ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு எடுத்தால் அடியில் வெள்ளை பூசியிருக்க வேண்டும். அந்தப் பெயின்ட்டில் மூடும் சக்தி குறைவு, கறுப்பின் மேல் அழுக்காகத்தான் தெரியும். வெயிலில் வைத்தால் வெளிறியும் போகும். ஆட்டம் நடக்கும் அறையின் விளக்கிலேயே நிறத்தைச் சரிபாருங்கள். மஞ்சள் விளக்கில் ஊதா பழுப்பாகிவிடும்.

4 × 4 அடி மேசைக்கு ஐந்து அல்லது ஆறு செடிக்கொத்துகள் போதும். அணிகள் புறப்படும் விளிம்பிலிருந்து 12 அங்குலத்துக்குள் ஒன்றும் வேண்டாம். முதல் சுற்றிலேயே ஆள் சாவது யாருக்கும் பிடிக்காது. அணிகள் கைப்பற்ற வேண்டிய குறிக்கோள் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பூச்சிப்பொறிக் கொத்துக்கு நடுவே 3 அங்குல வழி விட்டால் 25 மி.மீ. அடித்தட்டு வீரர் நுழையலாம், ஆனால் ஏதாவது ஒரு செடியின் எல்லையைத் தொடாமல் வெளியே வர முடியாது.

எடுத்து வைக்கும்போது, ஹாட் குளூ போட்ட செடிகளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகிக் கொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் பெயின்ட்டோடு வரும்.